அப்பாவைக் கூட்டிட்டு வா

என்னைத் திட்டியவர்களை மன்னித்திருக்கிறேன். வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர்கள், மார்க்கைக் குறைத்தவர்கள், முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் எல்லாரையும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் அப்பாவை இரண்டு மணி நேரம் நிற்க வைத்த ஒருவரை மட்டும் விடவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது, இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை வந்தால் எனக்கு மறதி வந்துவிட வேண்டுமா என்ன?

அவர் நான் படித்த பொறியியல் கல்லூரியின் தாளாளர். முதலில் அரிசி ஆலை வைத்திருந்தார், பிறகு டிப்பர் லாரிகள் வாங்கினார், பிறகு தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு நல்ல நஞ்சையைத் தூர்த்துக் கல்லூரி கட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைந்தது பொறியியல் கல்லூரிதான். பெற்றவர்களும் பிள்ளை படித்து முடித்து பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போனால் போதும் என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சேர்த்தார்.

நான் எலெக்ட்ரிகல் பிரிவு. மூன்றாம் ஆண்டில் நாங்கள் பதினோரு பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். பூமி சூடாகிறது, பருவம் மாறுகிறது என்று நூலகத்துப் பத்திரிகைகளில் படித்தோம். அதே வருடம் தை மாதம், மழை பெய்யக் கூடாத நேரத்தில் மழை கொட்டி, களத்தில் குவித்திருந்த நெல் முளைவிட்டதை வீட்டில் பார்த்தோம். பத்திரிகையில் இருந்ததும் களத்தில் இருந்ததும் ஒரே விஷயம் என்று புரிந்ததும் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வருடம்தான் பூமிக்கடியில் வாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி எங்கள் ஊர்களுக்கு வந்தது. வயலுக்கு வயல் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஒரு சிறிய சோலார் பலகை, அதோடு இணைத்த ஒரு குட்டி மோட்டார், இரண்டு பிளாஸ்டிக் வாளி. இதுதான் எங்கள் இயக்கம். கோயில் வாசலில் வைத்து ஒரு வாளித் தண்ணீரை இன்னொரு வாளிக்கு ஏற்றிக் காட்டுவோம். வெயிலிலேயே பம்புசெட் ஓடும், பூமியைத் துளைக்கத் தேவையில்லை, நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்வோம். “மேகம் மூடுனா என்ன பண்றதாம்?” என்று எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் கேட்பார். சிரிப்பார்கள். ஆனால் வலங்கைமான் பக்கத்தில் ஒரு ஊரே சேர்ந்து நிலம் தர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. அன்று நாங்கள் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினோம்.

அப்புறம் ஒரு நாள் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ‘சோறு போடும் மண்ணில் குழாய் போடாதே’ என்று என் அட்டையில் எழுதியிருந்தேன். மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது. அட்டையைவிட என் முகம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு நாளில் தேர்வுக்கான ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். என்னுடையது மட்டும் வரவில்லை. ஆபீஸில் கேட்டதற்கு, தலையைத் தூக்காமலே கிளார்க் சொன்னார்: “அப்பாவைக் கூட்டிட்டு வா.”

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. அபராதம் போட்டால் கட்டிவிடலாம், சஸ்பெண்டு செய்தால் வீட்டில் தூங்கலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் மட்டும் எப்பேர்ப்பட்ட பிள்ளைக்கும் முகம் செத்துவிடும். வயலில் இருந்து கையைக் கழுவிக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, எதற்கு என்று தெரியாமலே தப்பு தன்மேல்தான் என்ற முகத்தோடு வந்து நிற்கும் அப்பாவைப் பார்ப்பதுதான் தண்டனை.

என் அப்பாவுக்கு ஐந்து மா நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா வைத்திருப்பார். அன்றும் வைத்திருந்தார். தாளாளர் அறைக்கு வெளியே ஆறு நாற்காலிகள் போட்டிருந்தன. ஆறும் காலி. “நில்லுங்க, கூப்பிடுவாங்க” என்று பியூன் சொன்னதால் அப்பா நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். தாளாளர் இரண்டு தடவை வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் கடந்து போனார். இரண்டு தடவையும் அப்பா கும்பிட்டார். உட்காருங்கப்பா என்று மெதுவாகச் சொன்னேன். “இருக்கட்டும்மா” என்றார். இரண்டு மணி நேரம் கழித்து அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் என் ஹால் டிக்கெட்டோடு வெளியே வந்தார்.

“என்னப்பா கேட்டாங்க?”

“ஒண்ணுமில்ல. இனிமே பண்ண மாட்டாள்னு எழுதிக் கேட்டாங்க. கொடுத்தேன். நீ பரீட்சைய எழுது.”

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். கடைசித் தேர்வு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்து ஊருக்கு வந்து இறங்கியபோது, எங்கள் தெருமுனையில் டிப்பர் லாரிகள் வரிசையாக நின்றன. வல்லம் பக்கத்துச் செம்மண்ணையும் கிராவலையும் கொண்டுவந்து எங்கள் ஐந்து மாவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பூமியைத் துளைக்கும் ரிக் இயந்திரம் நிறுத்த மேடை. லாரிகளின் நெற்றியில் என் கல்லூரியின் பெயரே எழுதியிருந்தது.

அப்பா வரப்பில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னார். அந்த அறையில் இரண்டு காகிதம் இருந்திருக்கிறது. ஒன்று என்னைப் பற்றியது. இன்னொன்று நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதற்கான சம்மதப் பத்திரம். ஹால் டிக்கெட்டை மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, “முதல்ல கையெழுத்தைப் போடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். அப்பா தன் பேனாவையே எடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நிலத்தைக் கொடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவளின் தேர்வுக்காக அவள் வீட்டு நிலம் போனது. வலங்கைமான் பக்கத்துக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வேன்? நான் அப்பாவிடம் கத்தினேன். என்னைக் கேட்டிருக்கக் கூடாதா, ஒரு வருஷம் போனால் போகட்டுமே என்று கத்தினேன். அவர், “போடி, உனக்கு என்ன தெரியும்” என்று கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு நான் போராடவில்லை, படித்தேன். எல்லாரும் திருந்திவிட்டாள் என்றார்கள். நான் கறுவிக்கொண்டிருந்தேன். சென்னையில் வேலை, அங்கிருந்து ஷார்ஜா, பெரிய கட்டடங்களுக்கு மின்சாரக் கணக்குப் பார்க்கும் வேலை. எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் கடல் தாண்டிவிட்டோம். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அந்த மேட்டைப் பார்ப்பேன். கம்பெனி இரண்டு வருடம் துளைத்துப் பார்த்து, கட்டுபடியாகாது என்று கிளம்பிவிட்டது. கிராவலை அள்ளி நிலத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தமும் தாளாளரிடம்தான் இருந்தது. அவர் அள்ளவில்லை. சுற்றிலும் சம்பா பச்சையாக நிற்க, நடுவே எங்கள் மேட்டில் கருவேலம் வளர்ந்தது. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் எங்கள் நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதினார்கள். அப்பா மனு எழுதி எழுதிப் பேனா தேய்ந்ததுதான் மிச்சம்.

ஷார்ஜாவை விட்டு ஊரோடு வந்துவிட்ட பிறகு, பள்ளி கல்லூரிகளில் சூரிய மின்சாரம் உண்மையாகவே ஓடுகிறதா என்று சோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு நாள் வந்த பட்டியலில் என் கல்லூரியின் பெயர் இருந்தது. ‘பசுமை வளாகம்’ என்று ஒரு விருதுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். விருது கிடைத்தால் புதிய பிரிவுகள் தொடங்க அனுமதி சுலபமாகும். நான் அங்கே படித்தவள், எனக்கும் அவருக்கும் பகை உண்டு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று ஆபீஸில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் முதலாளி கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டிய மூன்றாம் ஆண்டு மாணவி, தலையில் முக்காடு போட்ட ஒல்லியான பெண், யாரும் கவனிக்காத நேரத்தில், “மேடம், ஹாஸ்டல் பக்கத்துப் படியில ஏறிப் பாருங்க” என்றாள். கீழே ஒரு ஏசி அறையில் பெரிய திரை வைத்து, இன்று எவ்வளவு யூனிட் உற்பத்தி என்று ஓடவிட்டிருந்தார்கள். மாடிச் சாவி மட்டும் கிடைக்கவில்லை. சாவி வைத்திருப்பவர் மயிலாடுதுறைக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டு நான் ஹாஸ்டல் படியில் ஏறினேன்.

மாடியில் நாற்பது பலகைகள், நல்ல பலகைகள். அவற்றின்மேல் பழைய வேட்டிகளை விரித்து, நான்கு முனையையும் இரும்புக் கால்களில் கட்டி, கூழ்வத்தல் பிழிந்திருந்தார்கள். பக்கத்து வரிசை முழுக்க மோர்மிளகாய். எங்கள் ஊர் வெயிலுக்குப் பலகையை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை, அதனால் ஒரு மிளகாய்கூட உருளவில்லை. ஹாஸ்டல் சமையல்கார அம்மா காக்கை விரட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

“எப்பலேருந்து இதுல காயப் போடுறீங்க?”

“மாட்டுன நாள்லேருந்துதாங்க. தரையவிட சீக்கிரம் காயுது. ஒயரே கிடையாதுங்களே, ஷாக் அடிக்குமோன்னு பயமும் இல்ல.”

பலகைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஒரு ஒயர்கூட இணைக்கவில்லை. வெயில் விழுகிற இடமென்றால் எதையாவது காயப் போட்டுவிடும் எங்கள் ஊர்ப் புத்தியை அன்று நான் மனதாரக் கும்பிட்டேன். வத்தல், மிளகாய், குச்சி எல்லாம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவின் முகம் மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டேன். இறங்கும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம்.

தாளாளர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் மாடிக்குப் போய் வந்த செய்தி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “அட, அங்க ரிக்குக்கு நாமதானே மண்ணடிச்சோம்!” என்றார்.

“அது எங்க வயல் சார்.”

கொஞ்சமாவது முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. ஹால் டிக்கெட்டும் அப்பாவும் அவருக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ பேருக்குச் செய்ததில் அதுவும் ஒன்று. அவர் சிரித்தபடி, “மொதல்லயே சொல்லியிருக்கலாமே! ஒரு வாரத்துல சுத்தமா அள்ளிக் கொடுத்துடுறேன். ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க” என்றார்.

இத்தனை வருடமும் நான் மனதில் எழுதி எழுதிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றுதான், அதுவும் அவருடையது.

“முதல்ல மண்ணை அள்ளுங்க சார். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

ஐந்து நாள் லாரிகள் ஓடின. கருவேலத்தை வேரோடு பிடுங்கி, செம்மண்ணை வழித்து, அடியில் நசுங்கிக் கிடந்த எங்கள் கறுப்பு மண் தெரியும்வரை அள்ளினார்கள். அப்பா விடியற்காலையிலேயே போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார். கடைசி லாரி போன மறுநாள் நான் அறிக்கையை அனுப்பினேன். பலகைகள் இணைக்கப்படவில்லை, திரையில் ஓடுவது பொய், மாடியில் வத்தல் காய்கிறது, படம் இணைப்பு. ஒரு வரியைக்கூடப் பார்த்துப் பண்ணவில்லை. விருது போனது, புதிய பிரிவுகளும் போயின.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “மண்ணை அள்ளிக் கொடுத்த மனுஷன்கிட்ட இப்படிப் பண்ணலாமாம்மா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன், அவரோ நியாயம் பேசுகிறார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அந்த மாணவி போன் செய்தாள். நம்பரை நான்தான் கொடுத்திருந்தேன்.

“அக்கா, எல்லாருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்துட்டாங்க. எனக்கு மட்டும் தரல. அத்தாவைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அத்தா குவைத்ல இருக்காங்க. யாரைக் கூட்டிட்டுப் போறது?”

படியைக் காட்டியது அவள்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவளும் அவள் தோழிகளும் இந்தப் பலகைகளுக்கு ஏன் இணைப்பு இல்லை என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். தாளாளர் எங்கே கை வைப்பார் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். எனக்கு நிலம் கிடைத்தது, பழியும் தீர்ந்தது, இந்தப் பெண்ணின் நினைப்பு மட்டும் எனக்கு வரவே இல்லை. கொடுத்து வாங்க என் கையில் இப்போது அறிக்கையும் இல்லை. என்மேலேயே ஆத்திரம் வந்தது. அதையும் சேர்த்து அவர் கணக்கில்தான் எழுதினேன்.

கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து போய் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். “நாளைக்கு எத்தனை மணிக்குன்னு கேளு. நான் வர்றேன்” என்றார்.

“நீங்களா?”

“அந்தப் புள்ள பரீட்சை எழுத வேணாமா?”

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. போனில் அந்தப் பெண்ணிடம், உன்னோடு சேர்ந்து கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினாலு பேர் என்றாள். “எல்லாரையும் நாளைக்கு அவங்கவங்க அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு. அப்பாவைத்தானே கேட்டாங்க, கொடுப்போம்” என்றேன்.

காலை பஸ்களில் வந்து இறங்கினார்கள். திருவாரூர் பக்கத்திலிருந்து ஒருவர் நடவை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒருவர் நகக்கண்ணில் மெழுகோடு வந்தார். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அத்தர் மணக்க வந்தார். ஒருவர் வங்கி மேனேஜர். அப்பா வர முடியாத இருவருக்குத் தாய்மாமன்கள் வந்தார்கள். தாளாளர் அறைக்கு வெளியே அதே ஆறு நாற்காலி. முதல் நாற்காலியில் என் அப்பா போய் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு மாணவர்கள் வகுப்பிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டார்கள். “நில்லுங்க, கூப்பிடுவாங்க” என்று பியூன் ஆரம்பித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

கிளார்க் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். இனிமேல் செய்ய மாட்டாள் என்று எழுதியிருந்தது. “இந்தப் பொண்ணுக்கு வந்தவர் யாரு? ஒரு கையெழுத்து போட்டுட்டு டிக்கெட்டை வாங்கிட்டுப் போங்க.”

“பேனா கொண்டாரலைங்க” என்றார் அப்பா. அவர் பை காலியாக இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். கிளார்க் தன் பேனாவை நீட்டினார். அப்பா கையை நீட்டவில்லை. கிளார்க் அடுத்தவரைப் பார்த்தார். வங்கி மேனேஜரும் தன்னிடம் பேனா இல்லை என்றார். அவர் பையில் இரண்டு பேனா பளபளவென்று தெரிந்தது.

இந்த முறை எங்களைக் கடந்து போக வழி இல்லை. தாளாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, நிரம்பிய வராந்தாவைப் பார்த்தார். பிறகு முதல் நாற்காலியில் இருந்தவரிடம், “நீங்க யாரு? உங்களை நான் பார்த்ததே இல்லையே” என்றார்.

“பார்த்திருக்கீங்க. இதே எடத்துலதான், எம்மவளுக்காக வந்தேன்.” அப்பா எழுந்திருக்காமலே சொன்னார். “அன்னிக்கு முழுக்க நின்னுக்கிட்டே இருந்தேன். அதான் அடையாளம் தெரியல.”

தாளாளர் அப்பாவையும் பார்த்தார், அவர் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். இந்தத் தடவை முகம் மாறியது. நான் அதை அவசரப்படாமல் பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஹால் டிக்கெட் வெளியே வந்தது. காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண் குவைத்துக்குப் போன் போட்டு, “அத்தா, கெடச்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வரும் வழியில் அப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து, இந்த வருடம் நாற்று எங்கே வாங்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தார். அந்தப் போகம் பயிர் பாதி வயலில் மஞ்சளாகத்தான் நின்றது. அடுத்த போகம் கொஞ்சம் தேறியது. இப்போதும் ஒவ்வொரு உழவிலும் செம்மண் கட்டி நாலைந்து மேலே வருகிறது. நான் அவற்றைப் பொறுக்கி வரப்பில் போடுகிறேன். கட்டி வருவது நிற்கும்வரை தாளாளரை மன்னிப்பதாக இல்லை.